1.2-ஆ, 1.5-ஆ? பழைய ஆட்டோமேட்டிக் கார் வாங்கும் முன் வாசகர்கள் கேட்டவை

கேள்வி: ஆறு வருடம் ஓடிய ஒரே மாடல் கார் இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 1.2 லிட்டர், ஏஎம்டி (மேனுவல் கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக்). இன்னொன்று 1.5 லிட்டர், சிவிடி (கியர் படிகள் இல்லாமல் கப்பியும் பெல்ட்டுமாக ஓடும் ஆட்டோமேட்டிக்). இரண்டும் டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் சாதனம்) இல்லாத பெட்ரோல். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் நான்கு பேர், மாதம் ஒரு தடவையாவது மலைப்பாதையில் போவோம். சின்ன இன்ஜின்தான் மைலேஜ் கொடுக்கும் என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். எதை எடுக்கட்டும்?

பதில்: நண்பர் சொல்வது சமதளத்தில், ஒருவரோ இருவரோ போகும்போது சரி. நான்கு பேர், டிக்கி நிறைய சாமான், ஏசி, அதோடு மலை என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் மனது 1.5 பக்கம்தான் போகிறது.

டர்போ இல்லாத 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜினின் டார்க், அதாவது சுழற்றும் விசை, பெரும்பாலும் 110 நியூட்டன் மீட்டரை ஒட்டியே இருக்கும், அதுவும் 4,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 4,000 சுற்று) பக்கத்தில் போனால்தான் முழுசாகக் கிடைக்கும். 1.5 என்றால் 145 பக்கம். காகிதத்தில் சின்ன வித்தியாசம், ஏற்றத்தில் பெரிய வித்தியாசம். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: உயரம் போகப் போகக் காற்று மெலிவதால் டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். அதாவது 2,000 மீட்டர் உயரத்தில் உங்கள் 1.2 கிட்டத்தட்ட ஒரு லிட்டர் இன்ஜின் மாதிரிதான் இழுக்கும். அந்த இடத்தில் ஆக்சிலரேட்டரை முக்கால்வாசி மிதித்தபடி ஏறும் வண்டியில் மைலேஜ் எங்கிருந்து வரும்?

போதாததற்கு அந்த 1.2-இல் இருப்பது ஏஎம்டி வேறு. கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் அது கிளட்சை விடுவித்து, மாற்றி, திரும்பப் பிடிக்கும். அந்த அரை நொடிக்கு இழுவையே இருக்காது, உள்ளே இருப்பவர்கள் தலையை முன்னும் பின்னும் ஆட்டுவார்கள். கொண்டை ஊசி வளைவில் பாதி திரும்பிய பிறகு இப்படி நடந்தால் ஓட்டுபவருக்கு எரிச்சல்தான். மேனுவல் மோடில் போட்டு, வளைவுக்கு முன்பே நீங்களாக ஒரு கியர் இறக்கிக்கொண்டால் பெருமளவு சமாளிக்கலாம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒரு நிபந்தனை வைக்கிறேன். அந்த 1.5-இன் சிவிடி ஆயில் எப்போது மாற்றப்பட்டது என்று பில்லோடு காட்டச் சொல்லுங்கள். ஆறு வருடத்தில் ஒரு முறைகூட மாற்றவில்லை, அல்லது பில்லே இல்லை என்றால் நான் 1.2-ஐத்தான் எடுப்பேன், ஏற்றத்தில் திணறினாலும் பரவாயில்லை என்று. காரணம் எளிது. ஏஎம்டியின் உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ். கிளட்ச் பிளேட் தேய்ந்தால் நல்ல மெக்கானிக் மாற்றிவிடுவார், கியரை மாற்றிக் கொடுக்கும் ஆக்சுவேட்டர் கெட்டால் அதைத் தனியாக மாற்றலாம். சிவிடியில் எஃகு பெல்ட் வழுக்கி கப்பியின் முகத்தைக் கீறிவிட்டால் பெரும்பாலும் முழு கியர்பாக்ஸையே மாற்ற வேண்டியிருக்கும், அந்தச் செலவில் காரின் மதிப்பில் கணிசமான பங்கு போய்விடும்.

கேள்வி: விளம்பரத்தில் எல்லாவற்றையும் 'ஆட்டோமேட்டிக்' என்றே போடுகிறார்கள். எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது? பழையதாக வாங்க எது நல்லது?

பதில்: மாடல், வருடம், வேரியன்ட் மூன்றையும் வைத்து கம்பெனியின் கையேட்டில் பார்த்துவிடுங்கள். விற்பவர் சொல்லை மட்டும் நம்ப வேண்டாம், பல பேருக்குத் தங்கள் காரில் என்ன இருக்கிறது என்றே தெரியாது.

பத்து வருடம் வைத்து ஓட்டப்போகிறீர்கள் என்றால் என் முதல் தேர்வு டார்க் கன்வெர்ட்டர். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் ஆயில்தான் விசையைக் கடத்துகிறது என்பதால், டிராஃபிக்கில் ஊர்ந்து ஊர்ந்து போனாலும் தேய்வதற்கு அங்கே கிளட்ச் பிளேட் இல்லை. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது டார்க்கைப் பெருக்கியும் கொடுக்கும். கொஞ்சம் பெட்ரோல் கூடக் குடிக்கும், அவ்வளவுதான்.

இரட்டைக் கிளட்ச், அதாவது டிசிடி, ஓட்டுவதற்கு அருமையானது. ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று, அடுத்த கியர் முன்கூட்டியே தயாராக நிற்கும். ஆனால் கிளட்ச் ஆயிலில் ஊறியபடி இருக்கிறதா, உலர்ந்ததா என்று கேளுங்கள். உலர் கிளட்ச் நெரிசலில் சூடாகும், சீக்கிரம் தேயும். உங்கள் தினசரி ஓட்டம் நெரிசலில்தான் என்றால் பழைய உலர் கிளட்ச் வண்டி வேண்டாம் என்றே சொல்வேன்.

ஹைபிரிட் கார்களில் வரும் 'இ-சிவிடி'யைப் பார்த்துப் பயந்து ஒதுங்க வேண்டாம். பெயரில்தான் சிவிடி. 1997-இல் வந்த டொயோட்டா பிரியஸ் முதல் அந்த வகையில் பெல்ட்டே கிடையாது, பெரும்பாலும் ஒரு பிளானட்டரி கியர் தொகுப்பும் (நடுப் பல்சக்கரத்தைச் சுற்றிச் சின்னப் பல்சக்கரங்கள் ஓடும் அமைப்பு) இரண்டு மின் மோட்டார்களும்தான். தேய்மானம் மிகக் குறைவு. அங்கே நீங்கள் கவலைப்பட வேண்டியது பேட்டரியைப் பற்றி.

கேள்வி: 1.0 லிட்டர் டர்போ, 80,000 கிலோமீட்டர் ஓடியது. டர்போ இல்லாத 1.5, அதே அளவு ஓடியது. இரண்டிலும் டார்க் கன்வெர்ட்டர்தான். டர்போ நன்றாக இழுக்கிறது, ஆனால் மூன்று சிலிண்டர் என்பதால் தயங்குகிறேன்.

பதில்: மூன்று சிலிண்டர் என்பதற்காகத் தயங்காதீர்கள். ஐடிலில், அதாவது வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது, லேசாக அதிரும், மற்றபடி அது குறையில்லை. சின்ன டர்போ 2,000 ஆர்பிஎம்மிலேயே 170, 200 நியூட்டன் மீட்டர் கொடுத்துவிடும், அதனால்தான் உங்களுக்கு அது பிடித்திருக்கிறது. மலையிலும் 1.5-ஐவிடச் சோர்வு குறைவு.

தயங்க வேண்டியது ஆயில் விஷயத்தில். டர்போ ஒரு நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கும் மேல் சுற்றும், அதன் பேரிங்கைக் காப்பாற்றுவது இன்ஜின் ஆயில் மட்டும்தான். டர்போ இல்லாத 1.5 இரண்டு சர்வீஸ் தள்ளிப்போனாலும் பொறுத்துக்கொள்ளும், டர்போ பொறுக்காது. சில சின்ன டர்போ இன்ஜின்களில் டைமிங் பெல்ட்டே (இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்க வைக்கும் பெல்ட்) ஆயிலில் நனைந்தபடி ஓடுகிறது. தவறான ஆயில் ஊற்றினால் பெல்ட் உதிர்ந்து, துகள்கள் ஆயில் பம்ப்பின் வாயை அடைக்கும். சர்வீஸ் வரலாறு முழுசாக இருந்தால் டர்போ. நடுவில் இரண்டு வருடம் காணோம் என்றால் 1.5.

கேள்வி: "இந்த கியர்பாக்ஸ் ஆயில் ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம், கம்பெனியே சொல்லியிருக்கிறது" என்கிறார் விற்பவர். உண்மையா?

பதில்: கம்பெனி சொல்லியிருக்கலாம். யாருடைய ஆயுசு என்பதுதான் கேள்வி. முதல் உரிமையாளர் விற்கும்வரை ஓடினால் அவருக்குப் போதும், நீங்கள் இரண்டாவது ஆள். உலகம் முழுக்கப் பல கார்களுக்கு கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமே தன் ஆட்டோமேட்டிக் பாக்ஸ்களுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருடத்துக்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது. செய்தவன் பேச்சைக் கேட்போம். எந்த ஆயில் என்பதும் முக்கியம்: சிவிடிக்கு சிவிடி ஆயில்தான், 'எல்லாவற்றுக்கும் ஆகும்' என்று சொல்லி ஊற்ற விடாதீர்கள்.

கேள்வி: டெஸ்ட் டிரைவில் கியர்பாக்ஸ் கோளாறை எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு மெக்கானிக் அறிவு கிடையாது.

பதில்: காதும் பாதமும் இருந்தால் போதும். ஒன்றே ஒன்றைப் பிடிவாதமாகக் கேளுங்கள்: நீங்கள் போகும்போது வண்டி குளிர்ந்திருக்க வேண்டும். நான் இதை அனுபவத்தில்தான் கற்றேன். பல வருடம் முன்பு டிசிடி கார் ஒன்றைப் பார்க்கப் போனபோது பானெட்டில் கை வைத்தேன், சூடாக இருந்தது. "இப்பதான் வெளியே போயிட்டு வந்தேன்" என்றார் உரிமையாளர். நானும் விட்டுவிட்டேன். ஓட்டும்போது வெண்ணெய் மாதிரி போனது. வாங்கிய முதல் காலையில், குளிர்ந்த வண்டியை ரிவர்ஸில் எடுத்தபோது கிளட்ச் தடதடவென்று உதறியது, ஸ்டீயரிங்கில் பிடித்திருந்த கைவரை வந்தது அந்த உதறல். கால் மணி நேரம் ஓடியதும் மறைந்துவிடும். மறுநாள் திரும்ப வரும். மூன்று மாதத்தில் இரண்டு கிளட்சையும் மாற்ற வேண்டியதாயிற்று. அதிலிருந்து பானெட் சூடாக இருந்தால் "சரி, நாளைக்குக் காலையில் வருகிறேன், ஸ்டார்ட் பண்ணாமல் வையுங்கள்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவேன்.

குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்து, ஐடில் சீரானதும் பிரேக்கை மிதித்தபடி ரிவர்ஸில் போடுங்கள், பிறகு டிரைவில். உடனே மெல்லப் பிடிக்க வேண்டும். இரண்டு நொடி யோசித்துவிட்டு 'டொக்' என்று பிடித்தால் உள்ளே பிரஷர் குறைகிறது அல்லது ஏதோ தேய்ந்திருக்கிறது. அப்புறம் காலியான சமதளத்தில் ஆக்சிலரேட்டரை முட்டையை மிதிப்பது போல மிதித்து, 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் அப்படியே பிடியுங்கள். பெரும்பாலும் அந்த வேகத்தில் டார்க் கன்வெர்ட்டரின் லாக்-அப் கிளட்ச் (சீரான ஓட்டத்தில் மட்டும் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேரடியாக இணைப்பது) பூட்டிக்கொள்ளும். சாலையில் வரிவரியாகப் பள்ளம் இருப்பது போல ஒரு நடுக்கம் வந்தால், சாலையைக் குற்றம் சொல்லாதீர்கள். வேறு சாலையிலும் அது வருகிறதா என்று பாருங்கள். இன்ஜின் சுற்று ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் வழுக்குகிறது என்று அர்த்தம். சிவிடியில் சுற்று ஒரே இடத்தில் நின்றபடி வேகம் ஏறுவது இயல்புதான், அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஏறுமுகமான இடத்தில் நிறுத்திக் கிளப்பிப் பாருங்கள். அரை மணி நேரமாவது ஓட்டுங்கள், முடிந்தால் நெரிசலில். சில கோளாறு சூடான பிறகுதான் தலைகாட்டும். கடைசியாக, ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் ஒரு முறை காட்டுங்கள், பழைய எச்சரிக்கைகளை அழித்திருந்தால்கூடப் பல கார்களில் அழித்த பிறகு எவ்வளவு தூரம் ஓடியது என்று தெரியும். நேற்றுத்தான் அழித்திருக்கிறார்கள் என்றால் ஏன் என்று கேளுங்கள்.

கேள்வி: இறக்கத்தில் நியூட்ரலில் போட்டால் பெட்ரோல் மிச்சமாகுமா? என் அப்பா அப்படித்தான் ஓட்டுவார்.

பதில்: கார்புரேட்டர் காலத்தில் கொஞ்சம் மிச்சமாகியிருக்கும். இப்போதைய இன்ஜெக்ஷன் கார்களில் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே பெட்ரோல் முழுசாக நின்றுவிடுகிறது. நியூட்ரலில் போட்டால்தான் ஐடில் ஓட பெட்ரோல் செலவாகும். இன்ஜின் பிரேக்கும் போய்விடும், பிரேக் சூடாகும். டிரைவிலேயே விடச் சொல்லுங்கள், நீண்ட இறக்கத்தில் 'எல்' (குறைந்த கியர்) அல்லது மேனுவல் மோடில் இரண்டாம், மூன்றாம் கியர்.