ஹர்கிகள்: நாள்கூலிக்கு ஒரு படை

அன்புள்ள ஐயா,

லியோனில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறேன். கூட வேலை செய்யும் அல்ஜீரியப் பையன்கள் இருவருக்குள் போன வாரம் தகராறு. ஒருவன் மற்றவனை "ஹர்கியின் பேரன்" என்று சொல்ல, அடிதடி ஆகிவிட்டது. விசாரித்தேன். பிரெஞ்சுக்காரனிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு சொந்த சனத்தையே சுட்டவர்களாம். நம்ம எட்டப்பன் கதைதானே? ஆனால் அறுபது வருடம் கழித்துப் பேரனை ஏன் அடிக்க வேண்டும் என்பதுதான் புரியவில்லை.

கே., லியோன்

*

அன்புள்ள கே.,

எட்டப்பன் இந்தக் கதைக்குப் பொருந்த மாட்டார். அவர் ஒரு பாளையக்காரர். கோட்டையும் வரி வருமானமும் இருந்தவர். ஹர்கிகளில் பெரும்பாலோர் கையெழுத்துப் போடத் தெரியாத மலைக்கிராமத்து விவசாயிகள். அவர்களுக்குச் சம்பளமே நாள் கணக்கில்தான். பிரெஞ்சு ராணுவம் அவர்களைச் சிப்பாய்களாகவே சேர்க்கவில்லை. கொத்தனாருக்குச் சித்தாள் பிடிப்பதுபோலப் பிடித்தது. வேண்டாம் என்றால் அப்படியே அனுப்பிவிடலாம்.

அரபியில் 'ஹரக்கா' என்றால் நகர்வு. அதிலிருந்து வந்தது நடமாடும் சிறுபடையான ஹர்கா; அதில் இருப்பவன் ஹர்கி. 1954 நவம்பர் 1 அன்று, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவில் தேசிய விடுதலை முன்னணி விடுதலைப் போரைத் தொடங்கியபோது, ஓரேஸ் மலையில் உள்ள ஆரிஸ் என்ற ஊரில் ழான் செர்வியே என்ற இனவியல் ஆய்வாளர் இருந்தார். எந்தக் குலத்துக்கு எந்தக் குலத்தோடு ஆகாது என்று தெரிந்தவர். அவர் ஒரு குலத்து ஆட்களின் கையில் துப்பாக்கி கொடுத்து ஊருக்குக் காவல் நிறுத்தினார். ஊர்ப்பகையைப் படித்த படிப்பு இப்படியும் பயன்படும்! அங்கே தொடங்கியது, உச்சத்தில் சுமார் 60,000 ஹர்கிகள் என்று வளர்ந்தது. கிராமத் தற்காப்புக் குழு, அலுவலகக் காவல் என்று மற்ற துணைப்படைகளையும் சேர்த்தால் போர் முடிவதற்குள் இரண்டு லட்சத்துக்கும் மேல்.

ஏன் சேர்ந்தார்கள்? முதல் காரணம் வயிறு. கெரில்லாக்களுக்குச் சோறு கிடைக்கக்கூடாது என்று ராணுவம் மலைக்கிராமங்களைக் காலி செய்து, இருபது லட்சம் பேரை முகாம்களில் அடைத்தது. நிலம் தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் போய்விட்டது, ஆடு போய்விட்டது. முகாமில் கிடைக்கிற ஒரே கூலிவேலை துப்பாக்கி தூக்குவது. அப்புறம் பயம், பழி. 1957 மே மாதம் மெலூசா பகுதியில், போட்டி இயக்கத்தை ஆதரித்தார்கள் என்று சுமார் 300 கிராமத்து ஆண்களை விடுதலை முன்னணியினரே கொன்றார்கள். அண்ணனைப் பறிகொடுத்தவன் எந்தப் பக்கம் போவான்? பிடிபட்ட கெரில்லாவை ராணுவச் சீருடையில் ஊர்வழியே நடத்திக் கூட்டிப்போவதும் நடந்தது. ஊர் ஒருமுறை பார்த்துவிட்டால் போதும், அவன் திரும்பிப் போக வழியில்லை.

என்னைக் கேட்டால் மொத்த ஏற்பாட்டின் சூட்சுமமே இதுதான். ஹர்கிகள் வழி காட்டினார்கள், மொழி பெயர்த்தார்கள், குகைகளை அடையாளம் சொன்னார்கள், எல்லாம் சரி. அதைவிட முக்கியம், ஒருவன் பெயர் பட்டியலில் ஏறினால் அவன் குடும்பமே எதிர்த்தரப்போடு சேர முடியாமல் போனது. "பாருங்கள், முஸ்லிம்களும் நம் பக்கம்தான்" என்று பாரிஸில் காட்டவும் ஆயிற்று.

அதற்காக அவர்களை முழுக்க நம்பினார்களா என்றால், அதுவும் இல்லை. 1956-இல் கபீலியா பகுதியில் 'நீலப்பறவை' என்ற ரகசியத் திட்டத்தில் உள்ளூர் ஆட்கள் சில நூறு பேருக்கு ஆயுதம் கொடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் முன்னணியின் ஆட்கள்! துப்பாக்கிகளோடு மலைக்குப் போய்விட்டார்கள்.

ஹர்கிகளை அப்பாவிகள் என்று சொல்ல வரவில்லை. தேடுதல் வேட்டையில், வீடுகளை எரித்ததில், சித்திரவதையில் அவர்களுக்கும் பங்குண்டு. 1960-இல் பாரிஸிலேயே அல்ஜீரியத் துணைப்போலீஸ் ஒன்றை இறக்கினார்கள். கூத் தோர் பகுதியின் நிலவறைகளில் நடந்த விசாரணைகளை அங்கே குடியிருந்த தொழிலாளிகள் மறக்கவில்லை. அந்தப் பையன் வாயில் வந்த வசவுக்கு அதுவும் ஒரு வேர்.

1962 மார்ச் 19-இல் போர்நிறுத்தம்; அல்ஜீரிய விடுதலைக்கு வழி பிறந்தது. மறுநாளே பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது: ஹர்கி முறையான ராணுவத்தில் சேரலாம், ஆறு மாத ஒப்பந்தத்தில் இருக்கலாம், அல்லது கையில் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகலாம். பழிவாங்கல் இருக்காது என்று இரு தரப்பும் செய்த சமாதான ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. பெரும்பாலோர் பணத்தை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். சில முகாம்களில் "புதுத் துப்பாக்கி தருகிறோம், பழையதை ஒப்படையுங்கள்" என்று வாங்கி வைத்துக்கொண்டு, விடிவதற்குள் ராணுவ லாரிகள் கிளம்பிவிட்டன. சில அதிகாரிகள் மனம் பொறுக்காமல் தங்கள் ஆட்களைத் திருட்டுத்தனமாகக் கப்பலேற்றினார்கள். மே 12 அன்று பிரெஞ்சு அமைச்சர் லூயி ழோக்ஸ் அதையும் தடைசெய்து தந்தி அடித்தார். பிறகு அல்ஜீரியாவில் கொல்லப்பட்ட ஹர்கிகளின் எண்ணிக்கையில் இன்றும் சண்டை. குறைத்துச் சொல்பவர்களும் ஆயிரக்கணக்கில் என்கிறார்கள். ஒரு லட்சத்தைத் தாண்டிச் சொல்பவர்களும் உண்டு. கொன்றவர்களில் 'மார்ச்காரர்கள்' என்று ஒரு வகை. ஏழு வருடம் சும்மா இருந்துவிட்டுப் போர் முடிந்த மார்ச் மாதத்தில் தேசபக்தர் ஆனவர்கள். விசுவாசத்தைக் காட்ட அவர்களுக்கு ஒரு ஹர்கி தேவைப்பட்டான்.

தப்பி வந்தவர்களுக்கு பிரான்ஸ் கொடுத்தது ரிவ்சால்ட் முகாம். ஒரு காலத்தில் ஸ்பானிய அகதிகளையும் யூதர்களையும் அடைத்த அதே இடம். 1962-ன் குளிர்காலத்தை ராணுவக் கூடாரங்களில் குழந்தைகளோடு கழித்தார்கள். குடியுரிமை தொடர வேண்டுமானால் நீதிபதிமுன் போய் அறிவிக்க வேண்டும் என்றது சட்டம், இவ்வளவுக்கும் பிறகு! பலர் காட்டுவேலைக் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டார்கள். பீயாஸ், சன் மொரிஸ் லார்துவாஸ் முகாம்களில் 1975-இல் பிள்ளைகள் கலகம் செய்யும்வரை முள்வேலிக்குள்ளேயே வளர்ந்தார்கள்.

பேரனை ஏன் அடிக்க வேண்டும் என்ற உங்கள் கேள்விக்கு இதில் பதில் இருக்கிறது. 2000-இல் பாரிஸ் வந்த அல்ஜீரிய அதிபர் பூத்தஃப்லிகா, ஹர்கிகளை நாஜிகளுக்குத் துணைபோனவர்களோடு ஒப்பிட்டார். பிரெஞ்சு அதிபர் மக்ரோன் ஹர்கிகளிடம் மன்னிப்புக் கேட்டது 2021-இல்தான். இரண்டு நாடுகளுக்கும் வேண்டாத தாத்தாவின் பேரன் அவன். அல்ஜீரியர் என்று வெள்ளைக்காரனிடம் ஒரு வசவு, ஹர்கி என்று அல்ஜீரியனிடம் ஒரு வசவு.

லியோனிலிருந்து பெர்பிஞ்ஞானுக்கு ரயிலில் போய்விடலாம். ரிவ்சால்ட் பக்கத்தில்தான். 2015-இல் அங்கே நினைவிடம் திறந்தார்கள்; பாதி மண்ணுக்குள் புதைந்த நீளமான கான்கிரீட் கட்டடம். சுற்றிலும் கூரை போன பழைய கொட்டகைகள் அப்படியே நிற்கின்றன. போனால் கனமான மேல்சட்டை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். மலையிலிருந்து வரும் காற்றைத் தடுக்க அந்த வெளியில் ஒன்றுமே கிடையாது.