கேனரித் தீவிலிருந்து கரீபியன் வரை: பாய்மரப் படகில் அட்லாண்டிக் கடக்கப் போகிறவர்களுக்குச் சில பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி புயலைப் பற்றியவை. கயிறு உரசுவதைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதனால் யாரும் கேட்காமலே அதை நடுவில் நுழைத்திருக்கிறேன்.

அக்டோபர் கடைசியில் கேனரித் தீவின் லாஸ் பால்மாஸிலிருந்து கிளம்பலாமா? எனக்கு அப்போதுதான் லீவு கிடைக்கும்.

வேண்டாம். லீவை மாற்றப் பாருங்கள், முடியாவிட்டால் அடுத்த வருடம் போங்கள். அட்லாண்டிக்கில் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அது போக, அக்டோபரில் வியாபாரக் காற்று சரியாக நிலைகொண்டிருக்காது (பள்ளிப் புவியியலில் மனப்பாடம் செய்தோமே, அதே காற்றுதான், வடகிழக்கிலிருந்து வந்து நம்மைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகும்). 1986 முதல் நடக்கும் ஏஆர்சி (பல படகுகள் சேர்ந்து அட்லாண்டிக் கடக்கும்) கூட்டுப் பயணம் நவம்பர் கடைசியில் கிளம்புவதைப் பார்த்து அதுதான் நல்ல நேரம் என்று பலர் நினைக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு கரீபியனின் செயின்ட் லூசியாவில் இருக்க வேண்டும் என்கிற ஆசைக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. என்னைக் கேட்டால் ஜனவரி. காற்று உறுதியாக இருக்கும், துறைமுகத்திலும் கூட்டம் குறைந்திருக்கும்.

தூரம் சுமார் 2,700 கடல் மைல். 40 அடிப் படகு ஒரு நாளைக்கு 140 மைல் ஓடினால் 19, 20 நாள் ஆகும். நேர்க்கோட்டில் மட்டும் போகாதீர்கள். 'வெண்ணெய் உருகும் வரை தெற்கே போ, அப்புறம் மேற்கே திரும்பு' என்று பழைய மாலுமிகள் சொல்வது வேடிக்கைப் பேச்சில்லை, காற்று அங்கேதான் இருக்கிறது. சந்தேகமாக இருந்தால் கேப் வெர்டேயின் மிந்தெலோவில் ஒரு நிறுத்தம் போடுங்கள். லாஸ் பால்மாஸிலிருந்து சுமார் 850 மைல், படகில் எது உடையும் என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

நான்கு பேருக்கு எவ்வளவு தண்ணீர்? எங்கள் படகில் கடல் நீரை நன்னீராக்கும் இயந்திரம் இருக்கிறது.

இயந்திரம் இல்லை என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர், 20 நாள் பயணத்துக்கு 30 நாள் கணக்கு, ஆக 360 லிட்டர். இதை ஒரே தொட்டியில் வைக்காதீர்கள். ஒரு தொட்டியில் கசிவோ நாற்றமோ வந்தால் மொத்தமும் போச்சு. கொஞ்சத்தைக் கேன்களில் பிரித்து வையுங்கள். இயந்திரம் வேலை செய்தால் குளியுங்கள், செய்யாவிட்டால் கடல் நீர்க் குளியல்தான். பாத்திரம் கழுவவும், முட்டை, உருளைக்கிழங்கு வேகவைக்கவும் கடல் நீரே போதும்.

சாப்பாடு? சோறு இல்லாமல் மூன்று வாரம் என்னால் முடியாது.

நம் வீட்டு பிரஷர் குக்கரை விடக் கடலுக்கு ஏற்ற பாத்திரம் இல்லை. படகு எவ்வளவு சாய்ந்தாலும் மூடி கழன்று சாம்பார் தரையில் கொட்டாது, கேஸும் மிச்சம். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ஊறுகாய் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று நாள் தலைசுற்றலில் யாரும் அடுப்புப் பக்கம் போகமாட்டார்கள், அதற்குச் சமைத்த சாப்பாட்டைக் கரையிலேயே தயார் செய்துவிடுங்கள். பூசணி, வெங்காயம், முட்டைக்கோஸ் வாரக்கணக்கில் நிற்கும். ஃபிரிட்ஜில் வைக்காத, கழுவாத முட்டையாகக் கேட்டு வாங்குங்கள், ஒருமுறை குளிரில் வைத்ததை வெளியே எடுத்தால் சீக்கிரம் கெடும். வாழைத்தாரைப் பின்பக்கம் கட்டித் தொங்கவிட்டால் படம் அழகாக இருக்கும், ஆனால் எல்லாப் பழமும் ஒரே நாளில் பழுத்து நான்கு பேரும் காலை, மதியம், ராத்திரி வாழைப்பழமே சாப்பிட வேண்டிவரும். அட்டைப்பெட்டி ஒன்றுகூடப் படகுக்குள் வரக்கூடாது, அதன் மடிப்பில் கரப்பான் முட்டை இருக்கும். விடிந்ததும் தளத்தைச் சுற்றிப் பாருங்கள், ராத்திரி பறந்து வந்து விழுந்த கோலா மீன் கிடக்கும். வறுத்தால் ஒரு வேளைக்கு ஆச்சு.

யாரும் கேட்காத கேள்வி: கயிறு

என் முதல் பயணத்தில் ஒன்பதாம் இரவு, காற்று 18 நாட்தான் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்), வானத்தில் நட்சத்திரம், எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது 'டப்' என்று ஒரு சத்தம், அடுத்த நொடி முன்பக்கத்து மெல்லிய பெரிய பாய் முழுக்கத் தண்ணீரில். அதை உயர்த்திப் பிடித்திருந்த கயிறு பாய்மர உச்சியில் ஒரே இடத்தில் ஒன்பது நாள் உரசி அறுந்திருந்தது. இரண்டு பேர் சேர்ந்து அந்த ஈரத் துணியை உள்ளே இழுக்க முக்கால் மணி நேரம், அது மட்டும் அடியில் போய்ச் சுக்கானில் சுற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் யோசிப்பேன். பின்காற்றில் படகு இரவும் பகலும் உருண்டுகொண்டே போகும், ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான முறை ஒவ்வொரு கயிறும் அதே இடத்தில் தேயும். ஆகவே தினமும் காலையில் ஒவ்வொரு கயிற்றையும் ஒரு சாண் இழுத்தோ விட்டோ உரசும் இடத்தை மாற்றுங்கள், தொலைநோக்கியால் உச்சியைப் பாருங்கள், உரசும் இடங்களில் பழைய தீயணைப்புக் குழாய்த் துண்டை மாட்டுங்கள். உச்சி வழியே ஒரு உதிரிக் கயிறு கிளம்பும் முன்பே போட்டு வையுங்கள். நடுக்கடலில் உருளும் படகில் மேலே ஏற எனக்குத் தைரியம் கிடையாது, உங்களுக்கும் வேண்டாம்.

இதோடு சேர்த்து இன்னொன்று: பெரிய பாயின் அடிக்கட்டை, அதாவது பூம், தவறி மறுபக்கம் பாய்ந்தால் மண்டை உடையும். அதை முன்பக்கம் கயிறு போட்டுக் கட்டாமல் பின்காற்றில் ஓடவே கூடாது. பொழுது சாயும் முன் பாயைச் சுருக்கிவிடுங்கள். இருட்டில் கறுப்பு மேகத்தோடு வரும் காற்றுமழையில் 15 நாட் காற்று சில நிமிடத்தில் 30, 35 ஆகிவிடும்.

நானும் மனைவியும் மட்டும் போகலாமா? தூக்கம் எப்படி?

போகலாம். இந்தியக் கடற்படையின் தாரிணி படகில் தில்னாவும் புதுச்சேரிக்காரரான ரூபாவும், இரண்டே பேர், 2024 அக்டோபர் 2 அன்று கோவாவில் கிளம்பி உலகையே சுற்றி 2025 மே மாதம் திரும்பினார்கள். ஆனால் அவர்கள் வருடக்கணக்கில் பயிற்சி எடுத்தவர்கள். உங்களுக்கு இரவில் மூன்று மணி நேரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்தால் சரிவரும். சுக்கானை ஆட்டோபைலட் பிடிக்கும், அது பழுதானால் இரண்டு பேர் கையால் பிடித்துக் கரைசேர்வது நரகம். எனவே மின்சாரமே தேவைப்படாத காற்றுச் சுக்கான் கருவி ஒன்றைப் பின்னால் மாட்டிக்கொள்ளுங்கள்.

காவலில் இருப்பவர் கண்ணயரவே கூடாது. 20 நாட் வேகத்தில் சரக்குக் கப்பல், எதிரே 6 நாட்டில் நீங்கள், எட்டு மைலில் அதன் விளக்கு தெரிந்தால் மோத 18 நிமிடம்தான். சமையலறை டைமரை 12 நிமிடத்துக்கு வைத்து எழுந்து சுற்றிப் பாருங்கள். அக்கம்பக்கத்துக் கப்பல்களைக் காட்டும் ஏஐஎஸ் திரையை மட்டும் நம்பாதீர்கள்.

டீசல் எவ்வளவு?

200 லிட்டர் இருந்தால் மணிக்கு இரண்டரை லிட்டர் வீதம் 80 மணி நேரம், சுமார் 400 மைல். காற்று நின்றால் காத்திருக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஓர்க்காக்கள் (கொலைகாரத் திமிங்கிலங்கள்) படகைத் தாக்குகின்றனவாமே?

2020 முதல் நடக்கிறது, உண்மைதான், சுக்கானைக் கடித்து உடைக்கின்றன. ஆனால் அது ஜிப்ரால்டர், போர்ச்சுகல், ஸ்பெயினின் கலீசியாக் கரையோரம். கேனரிக்குத் தெற்கே போனபின் அதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம்.

கடலில் விழுந்துவிட்டால்?

விழாமல் இருப்பதுதான் ஒரே வழி. பின்னாலிருந்து எழும் அலைகளுக்கு நடுவே இருட்டில் ஒரு தலையைத் தேடிக் கண்டுபிடிப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம், ஹெலிகாப்டரும் நடு அட்லாண்டிக் வரை வராது. 406 மெகாஹெர்ட்ஸ் அபாயக் கருவியை உங்கள் படகின் பெயரில் பதிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள், அது அடித்தால் பக்கத்தில் போகும் ஏதாவதொரு சரக்குக் கப்பலைத்தான் திருப்பி அனுப்புவார்கள், வந்துசேர ஒரு நாள்கூட ஆகலாம். இருட்டியபின் படகோடு நம்மைப் பிணைக்கும் பெல்ட்டை மாட்டாமல் யாரும் மேலே வரக்கூடாது, இன்னொருவரை எழுப்பாமல் முன்பக்கம் போகக்கூடாது. ஆண்களே, இரவில் படகின் ஓரத்தில் நின்று சிறுநீர் கழிக்காதீர்கள், கீழே கழிப்பறை இருக்கிறது.