நாவல்களை வாசித்தே நாவல் எழுதப் பழகலாமா?

கேள்வி: "நான் புதுக்குடியிருப்புப் பக்கம். நாவல் ஒன்று எழுத ஆசை. எழுத்துப் பயிற்சி வகுப்பு என்று இங்கே ஒன்றும் இல்லை. வெளிவந்த நாவல்களை வாசித்தே எழுதும் நுட்பங்களைப் பழக முடியுமா? எப்படி வாசிக்க வேண்டும்?"

முடியும். ஆனால் 'நிறைய வாசியுங்கோ' என்று எல்லாரும் சொல்லுகிற புத்திமதியை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். வருஷக்கணக்காக வாசித்தும் ஒரு பக்கம் ஒழுங்காக எழுத வராத ஆட்களை எனக்குத் தெரியும். கதை நன்றாக இருந்தால் நாங்கள் அதற்குள் போய்விடுகிறோம். எழுதினவர் என்ன செய்தார் என்பது கண்ணில் படாது. அதனால் முதல் தரம் சும்மா வாசியுங்கள், ரசியுங்கள், அழவேண்டும் என்றால் அழுங்கள். முடிவு தெரிந்த பிறகு பென்சிலோடு இருந்து வாசிக்கிறபோதுதான் படிப்பு தொடங்குகிறது.

எந்த நாவலை எடுப்பது? இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். உங்களுக்குக் கண்ணால் தெரிந்த இடத்தில் நடக்கிற நாவலை முதலில் எடுங்கள். வன்னியில் இருக்கிறவருக்கு அது அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி'. 1973 இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்தது. களம் முல்லைத்தீவு மாவட்டத்தின் குளக்கரைக் கிராமமான தண்ணிமுறிப்பு. கதிராமன், பதஞ்சலி என்ற பெண், படிப்பிக்க வரும் சுந்தரலிங்கம் வாத்தியார் என்று முக்கியமான ஆட்கள் மிகச் சிலர்தான்.

தெரிந்த இடம் ஏன் வேண்டும் என்றால், எழுதியிருப்பதை எவரும் வாசிக்கலாம், எழுதாமல் விட்டது எது என்பது அந்த இடத்தை அறிந்தவருக்குத்தான் பிடிபடும். சென்னையில் நடக்கிற நாவலை வாசிக்கும்போது, அங்கே உள்ளது அவ்வளவும் புத்தகத்துக்குள் வந்துவிட்டது என்றே எனக்குத் தோன்றும். தண்ணிமுறிப்பு அப்படி இல்லை. ஒரு காலைநேரம் அந்தக் குளக்கட்டில் இருந்து, கண்ணில் பட்டது, காதில் விழுந்தது எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினேன். நீர்க்காகம், எருமை, காய்ந்த சேற்றின் மணம், தூரத்தில் உழவு இயந்திரச் சத்தம், குளக்கட்டில் ஏறி இறங்கிய மோட்டார் சைக்கிள் என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. வீட்டுக்கு வந்து, நாவலில் காடு வருகிற பக்கங்களை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என் பட்டியலை யாரும் பார்க்கவில்லை, அது வெறுமனே கிடக்கிறது. நாவலில் காட்டை ஒரு ஆள் பார்க்கிறான். காட்டோடு வளர்ந்த கதிராமன் காண்கிற காடும், வெளியிலிருந்து வந்த வாத்தியார் காண்கிற காடும் ஒன்றில்லை. வர்ணனை என்றால் யாருடைய வர்ணனை என்ற கேள்வியை நான் அங்கேதான் பழகினேன். தலைப்பில் இருக்கிற பறவையையும் இப்படிப் பாருங்கள். நிலத்துப் பொந்தில் வாழும், உயரப் பறக்காத பறவை. அதைப் பதஞ்சலியின் வாழ்க்கைக்குப் பக்கத்தில் வைக்கிறார். எந்தெந்த இடத்தில் அதைத் தொடுகிறார், எங்கே தொடாமல் விடுகிறார் என்று பென்சிலால் குறித்துக்கொண்டு போங்கள்.

இதை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. எங்களுக்குச் சொல்ல விஷயம் இல்லை என்ற குறை ஒருநாளும் இல்லை, விஷயம் கூடிப்போனதுதான் இங்கே கரைச்சல். எழுத ஆசைப்பட்டவர்கள் சிலர் தங்கள் கொப்பிகளை என்னிடம் தந்திருக்கிறார்கள். பரந்தன், தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று கடைசிப் போரில் இடம்பெயர்ந்த வழியே அத்தியாய வரிசையாக இருக்கும். ஒவ்வோர் இடத்துக்கும் ஏறக்குறைய ஒரே அளவு பக்கம். எல்லாம் உண்மை, ஒன்றும் கூட்டிச் சொன்னதில்லை. ஆனாலும் வாசிக்கிறவனுக்கு நாலாவது இடத்தில் மனம் மரத்துப்போகிறது. நடந்தது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு சம்பவத்துக்குக் கதையில் இடம் கிடைக்காது என்று அவர்களுக்குச் சொல்ல எனக்கு வாய் வராது. நாவல்கள் அதைச் சொல்லும்.

தமிழ்க்கவியின் 'ஊழிக்காலம்' (2013) அதே வழியில் போகிற நாவல்தான். பேரப்பிள்ளைகளோடு அலைகிற பார்வதி என்ற வயதுபோன மனுஷியை நடுவில் வைத்திருக்கிறார். எது உள்ளே வரலாம் என்பதை அவளுடைய கவலையே தீர்மானித்துவிடுகிறது. சில பக்கங்கள் செய்தி வாசிக்கிற மாதிரி இருப்பதாக எனக்குப் பட்டது, அவற்றையும் குறித்து வைத்தேன். எந்த இடத்தில் தொய்கிறது, ஏன் தொய்கிறது என்று கண்டுபிடித்தால் அதே தொய்வு உங்கள் கொப்பியிலும் தெரியத் தொடங்கும்.

அடுத்தது காலம். ஒரு அத்தியாயத்தை எடுத்து, ஒவ்வொரு பந்திக்கும் எவ்வளவு நேரம் கழிகிறது என்று ஓரத்தில் எழுதுங்கள். ஒரு பக்கம் முழுக்க ஐந்து நிமிஷப் பேச்சாக இருக்கும், அடுத்த ஒற்றை வரியில் ஒரு மாரி போய்விடும். எங்கே நின்று பார்க்கிறார், எங்கே ஓடிக் கடக்கிறார் என்பது வரைபடம் போட்டதுபோலத் தெளியும். ஜி. நாகராஜனின் 'நாளை மற்றுமொரு நாளே' முழுக்க ஒரு மனிதனின் ஒரு நாள்தான். ஒரு நாளுக்குள் பழைய வாழ்க்கையை எப்படி நுழைக்கிறார் என்று பார்க்க அது தோதான புத்தகம்.

ஆனால் ஒரே ஒரு பாடம்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் ஜெயகாந்தனிடம் போங்கள். 1966 இல் 'அக்கினிப் பிரவேசம்' என்ற சிறுகதை எழுதினார். மழையில் நின்ற மாணவி ஒருத்தி முன்பின் தெரியாதவனின் காரில் ஏறுகிறாள், கெட்டுப்போய்விட்டேன் என்று வீட்டுக்கு வந்து தாயிடம் சொல்கிறாள். தாய் அவளுடைய தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று அணைத்துக்கொள்கிறாள். கதை முடிந்தது. 'சில நேரங்களில் சில மனிதர்கள்' (1970) நாவலில் தாய் அதற்கு மாறாகக் கத்திக் கூப்பாடு போடுகிறாள், விஷயம் ஊருக்குத் தெரிகிறது, அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். அந்த ஒரு நிமிஷத்தில் தாய் என்ன செய்தாள் என்பதை மாற்றியதும் அந்தப் பெண்ணுக்கு, நாவலின் கங்காவுக்கு, ஒரு முழு வாழ்க்கை பிறந்துவிட்டது. போதாக்குறைக்கு அந்தப் பழைய சிறுகதையையே நாவலுக்குள் கொண்டுவந்து கங்காவை வாசிக்க வைக்கிறார்! இரண்டையும் அடுத்தடுத்து வாசியுங்கள். சிறுகதை எங்கே நிற்கவேண்டும், நாவல் எங்கே தொடங்கவேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுகிற சோடி தமிழில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பிறகு உங்கள் கதையிலும் அப்படி ஒரு நிமிஷத்தைத் தேடி, அதை மாற்றிப் பாருங்கள்.

உரையாடலுக்கு அசோகமித்திரனின் 'தண்ணீர்'. உடைந்துபோயிருக்கும் ஜமுனாவிடம் டீச்சரம்மா தன் கலியாண வாழ்க்கையைச் சொல்லும் இடம் ஒன்றே போதும். பேச்சுமொழி பற்றிக் குழம்பவேண்டாம். உரையாடலைப் பேச்சுத் தமிழிலும் விவரிப்பை எழுத்துத் தமிழிலும் வைப்பது எங்களுடைய பழைய வழக்கம். தமிழ்நாட்டு வாசகருக்கு விளங்குமோ என்று பயந்து எங்கள் ஊர் ஆச்சியைச் சினிமாத் தமிழ் பேசவைத்தால் எனக்குக் கோபம் வரும்.

பார்த்து எழுதுகிற பயிற்சியையும் செய்யுங்கள். பிடித்த பக்கம் ஒன்றைக் கையால் அப்படியே எழுதுங்கள், சில நாள் கழித்து மூலத்தைப் பாராமல் எழுதுங்கள், பிறகு இரண்டையும் ஒப்பிடுங்கள். நீங்கள் கூட்டியதும் விட்டதும் உங்கள் பழக்கம் எது என்று காட்டிக்கொடுக்கும். அந்தப் பக்கங்கள் கொப்பிக்குள்ளேயே கிடக்கட்டும், முகநூலில் போடவேண்டாம்.

ஈழத்துப் பழைய புத்தகங்கள் கடையில் கிடைப்பது அருமை. 'நூலகம்' (noolaham.org) என்ற இணையத்தளத்தில் ஏராளமானவை இலவசமாக இருக்கின்றன, 'நிலக்கிளி'யையும் முதலில் அங்கேதான் தேடுங்கள். போன் திரையில் பென்சில் ஓடாது. அதனால் ஒரு அத்தியாயத்தை மட்டும் பிரிண்ட் எடுங்கள், ஓரத்தில் எழுத இடம் விட்டு எடுக்கச் சொல்லுங்கள். முழு நாவலையும் கிண்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஒரு அத்தியாயத்தை முடித்துவிட்டு உங்களுடையதைத் தொடங்குங்கள், இடறுகிற இடத்தில் திரும்பப் போய்ப் பார்க்கலாம்.