நாடு விடுதலையானது, அவளுக்கு என்ன ஆனது?

கேள்வி: எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில், அடுத்த மாதம் அரபுப் பெண் எழுத்தாளர்களின் நாவல்களைப் பற்றி நான் பேச வேண்டும். நவால் எல் சாதவியின் ‘சூன்யப் புள்ளியில் பெண்’ படித்தேன். சாப்பாடே இறங்கவில்லை. “அங்கே பெண்கள் கதை என்றாலே பர்தாவும் அடியும்தானே, பேச என்ன இருக்கிறது?” என்கிறார் வட்டத்து நண்பர் ஒருவர். வீட்டுக்காரரோ, “ஆண்களைத் திட்டுகிற புத்தகமாகத்தான் தேடிப் பிடிப்பாயா?” என்கிறார். பெண் தன்னைக் கண்டுகொள்வது என்கிறார்களே, தூக்குமேடைக்குப் போகிறவளிடம் அதை எங்கே தேடுவது? வேறு எதைப் படிக்கலாம்?
– ஒரு வாசகி, தென்காசி

பதில்: அன்புத் தோழி, எடுத்த எடுப்பிலேயே கனமான புத்தகம் கைக்கு வந்துவிட்டது. அதில் ஓர் இடத்தை மட்டும் திரும்பப் புரட்டிப் பாருங்கள். தூக்குத் தண்டனையைக் குறைக்கும்படி அதிபருக்கு மனுப் போடச் சொல்கிறார்கள், நாவலின் நாயகி ஃபிர்தவுஸ் மறுத்துவிடுகிறாள். அதுவரை அவள் வாழ்க்கையை உறவினரும் கணவனும் தரகனும்தான் முடிவு செய்தார்கள்; இதை அவளே முடிவு செய்கிறாள். மருத்துவரான சாதவி, எகிப்தின் கனாத்திர் சிறையில் சந்தித்த ஒரு பெண்ணை வைத்து எழுதியது அது. 1981இல் அதிபர் சதாத்தின் அரசு அவரையே அந்தச் சிறையில் அடைத்தது தனிக்கதை.

ஆனால் இந்த ஒன்றோடு நிறுத்தினால் உங்கள் நண்பர் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். நான் படித்தவரை, இந்த நாவல்களில் பர்தாவைவிட அதிகம் வருவது வேறொரு கேள்வி: “விடுதலைப் போராட்டத்துக்கு எங்களையும் சேர்த்துக்கொண்டீர்களே, அப்புறம் எங்கள் வீட்டுக்குள் என்ன மாறியது?”

எகிப்தின் லத்தீஃபா அல் சய்யாத்தின் ‘திறந்த கதவு’ (1960) இதைத்தான் கேட்கிறது. 1946இல் ஆங்கிலேயருக்கு எதிராக நடந்த கெய்ரோ மாணவர் போராட்டத்தின் முன்னணியில் நின்றவர் அவர். நாவலும் அந்த ஆண்டு ஆர்ப்பாட்டங்களில் தொடங்கி சூயஸ் கால்வாய்க்காக நடந்த 1956 போரில் முடிகிறது. பள்ளிப் பெண் லைலா ஊர்வலத்தில் கோஷம் போடுகிறாள். வீடு திரும்பியதும் அப்பா அடிக்கிறார். ஊரே ஆங்கிலேயனுக்கு எதிராகக் கொதிக்கிறது, மகள் கொதித்தால் மட்டும் மானம் போகிறது! பிறகு நிச்சயிக்கப்படும் மாப்பிள்ளை, படித்த பேராசிரியர். அவருக்கும் வேண்டியது சொன்னபடி கேட்கும் மனைவிதான். எனக்கு அப்பாவைவிட இந்தப் பேராசிரியர் மேல்தான் எரிச்சல் அதிகம். அவளை உண்மையாக நேசிக்கும் ஹுசைன் வெளிநாட்டிலிருந்து எழுதும் கடிதம் வேறு மாதிரி. என்னையும் சார்ந்திருக்காதே, உனக்கென்று ஒரு வாழ்வு வேண்டும் என்கிறான். அந்தப் பக்கங்களை உங்கள் வீட்டுக்காரரிடம் படிக்கக் கொடுங்கள். ஆண்களைத் திட்டுகிற புத்தகமா என்று அவரே சொல்லட்டும்.

அதையடுத்து மொராக்கோவின் லைலா அபூசைத் எழுதிய ‘யானை ஆண்டு’. பிரெஞ்சு ஆட்சிக்கு எதிரான போராட்டத்தில் ரகசியமாக வேலை செய்தவள் சஹ்ரா. விடுதலை வந்தது, கணவனுக்குப் பதவியும் வந்தது. இவளுக்கு முள்கரண்டியில் சாப்பிடத் தெரியாது, பிரெஞ்சு வராது, ஆண்களோடு சரிசமமாக உட்கார்ந்து பழக்கமில்லை. விவாகரத்து! சொந்த ஊருக்குத் திரும்பியவளுக்குத் தெம்பு தருவது அவளுடைய இறைநம்பிக்கையும், தான் சம்பாதிக்கும் காசும். அந்த வேலை என்ன தெரியுமா? பிரெஞ்சுப் பண்பாட்டு மையத்தைச் சுத்தம் செய்வது. யாரை வெளியேற்றப் பாடுபட்டாளோ அவர்கள் இடத்திலேயே துடைப்பத்தோடு நிற்கிறாள். ஆனாலும் யாரிடமும் கையேந்தவில்லை. தன்னைக் கண்டுகொள்வது எப்போதும் வெற்றிக்கதையாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

மதம் என்றாலே எதிரி என்று நினைப்பவர்களுக்கு எகிப்தின் அலிஃபா ரிஃபாத் சிறுகதைகளைச் சொல்லுங்கள். எழுதக் கூடாது என்று கணவர் தடுத்ததால் புனைபெயரில் எழுதியவர். அவருடைய பெண்கள் தொழுகையை விடுவதில்லை; கட்டிலில் தங்களுக்கு மறுக்கப்படும் இன்பத்தைப் பற்றியும் கூச்சமில்லாமல் யோசிப்பார்கள். லெபனான் தலைநகர் பெய்ரூத்தின் லைலா பஅல்பக்கி 1958லேயே ‘நான் வாழ்கிறேன்’ என்று நாவல் எழுதினார். பின்னர் வந்த அவரது சிறுகதைகள் ஆபாசம் என்று 1964இல் வழக்குப் போட்டார்கள், விடுதலையானார்.

சரி, கூட்டத்துக்கு வருவோம். எல்லாப் பெயரையும் அடுக்கினால் யாருக்கும் எதுவும் நிற்காது. ‘திறந்த கதவு’ லைலாவையும் ‘யானை ஆண்டு’ சஹ்ராவையும் அருகருகே வைத்துப் பேசுங்கள். நேரம் மிஞ்சினால் ஓமானின் ஜோகா அல்ஹார்த்தி எழுதிய நாவலை (ஆங்கிலத்தில் ‘Celestial Bodies’) தொடலாம். 2019இல் மேன் புக்கர் சர்வதேசப் பரிசு பெற்றது அது. அதில் வரும் மூன்று சகோதரிகளில் ஒருத்தி கவ்லா. கனடாவுக்குப் போன நாசிருக்காக வருடக்கணக்கில் காத்திருந்து மணக்கிறாள். கட்டிய பின்னும் அவன் அங்கேயே காலம் கழிக்கிறான். ஒருவழியாகத் திருந்தி வீட்டோடு இருக்கத் தொடங்கி, பிள்ளைகளும் வளர்ந்த பிறகு, அவள் விவாகரத்துக் கேட்கிறாள். இப்போது எதற்கு என்று உங்கள் வட்டத்தில் யாராவது நிச்சயம் கேட்பார்கள். உடனே பதில் சொல்லிவிடாதீர்கள், முதலில் அவர்களைப் பேச விடுங்கள்.