பகோரியா கல்யாணச் சந்தை இல்லை

கேள்வி: மத்தியப் பிரதேசத்துப் பில் பழங்குடியினர் சந்தையில், பையன் பிடித்த பெண்ணின் கன்னத்தில் வண்ணப் பொடி பூசுவானாம், அவளும் திருப்பிப் பூசினால் அன்றைக்கே ஓடிப்போய்க் கல்யாணமாம். காட்டு ஜனங்களுக்கே இவ்வளவு சுதந்திரம் இருக்க, நாம் ஏன் ஜாதகத்தோடு அலைகிறோம்? (ஒரு வாசகர், தாராபுரம்)

பதில்: முதலில் அந்தக் 'காட்டு ஜனங்கள்' வேண்டாமே. நீங்கள் சொல்வது பகோரியா. ஜாபுவா, அலிராஜ்பூர், தார், பட்வானி பக்கம் ஹோலிக்கு முந்தைய வாரத்தில் ஊர் ஊராகக் கூடும் வாரச்சந்தைதான் அது. குஜராத்துக்குக் கூலிவேலைக்குப் போனவர்கள் திரும்பியிருப்பார்கள், பண்டிகைக்கு வெல்லமும் கடலையும் சர்க்கரை மாலையும் வாங்குவார்கள், மாந்தல் என்கிற பெரிய மத்தளத்தை அடித்துக்கொண்டு குழல் ஊதி ஆடுவார்கள். இளசுகள் பார்த்துக்கொள்வார்கள், சிலருக்குப் பிடித்தும் போகும். நம்மூர்த் தேர்த்திருவிழாவில் நடக்காததா? அதைக் 'கல்யாணச் சந்தை' என்று வருஷாவருஷம் படம்போட்டு எழுதுவதை அங்குள்ள ஆதிவாசி இளைஞர்களே கடுமையாக எதிர்க்கிறார்கள், எங்கள் வீட்டுப் பெண்கள் சந்தைச் சரக்கா என்று. அந்தக் கோபம் முழுக்க நியாயம்.

சுதந்திரம் என்கிறீர்கள். சரி, அங்கேயும் கட்டு உண்டு. ஒரே குலத்துக்குள் கட்டக்கூடாது, அவர்கள் எல்லாரும் அண்ணன் தங்கை முறை. அப்புறம் தாபா என்கிற பெண்பணம். நம்மூரில் பெண்ணைப் பெற்றவர் வரதட்சணைக்குக் கடன் வாங்குகிறார், அங்கே பையன் வீட்டார் பெண் வீட்டாருக்குப் பணமும் வெள்ளியும் கொடுக்கவேண்டும். இன்றைக்கு அது லட்சங்களில் போய் நிற்கிறது. அந்தக் கடனை அடைக்கப் புதுமணத் தம்பதியே குஜராத்தில் கட்டட வேலைக்குக் கிளம்புகிறார்கள். இதைக் குறைக்கச் சொல்லி அந்தச் சமூகத்துக்குள்ளேயே குரல் எழுந்திருக்கிறது. பெண்ணுக்கு ஒரு விலை பேசுவதை என்னால் எந்த ஊரிலும் நல்ல வழக்கம் என்று சொல்லமுடியாது.

ஆனால் ஒன்று இருக்கிறது, நீங்கள் கேட்டிருக்க வேண்டியதும் அதைத்தான். இரண்டு பேர் ஓடிப்போனால் அங்கே என்ன ஆகிறது? பெண் வீட்டார் கொதிப்பார்கள், சில சமயம் அடிதடியும் உண்டு. ஆனால் அதற்கென்றே பஞ்சகடியா என்று நடுவர் இருக்கிறார். இரண்டு ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து, விடியவிடியப் பேரம் பேசி, தாபாவையும் தண்டத்தையும் முடிவு செய்து சண்டையை முடிப்பார்கள். பணத்தில் முடிகிறதே என்று எனக்கு வருத்தம்தான், ஆனாலும் ஓடிப்போன பிள்ளைகள் திரும்பி வந்து அதே ஊரில் குடித்தனம் நடத்த அங்கே ஒரு வழி வைத்திருக்கிறார்கள்.

நம்மிடம் அப்படி வழி இருக்கிறதா? வயது வந்த இருவர் சம்மதித்தால் போதும், குடும்பமோ சாதியோ ஊரோ அனுமதி தரவேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது. இங்கே சாதி மாறிக் கட்டிக்கொண்ட பிள்ளைகளோ இன்றும் உயிருக்குப் பயந்து காவல் நிலைய வாசலில் தஞ்சம் கேட்டு நிற்கிறார்கள். நீங்கள் ஜாதகத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள். உங்கள் பெண் நாளைக்கு வேறு சாதிப் பையனோடு வீட்டுக்கு வந்து நின்றால் கதவைத் திறப்பீர்களா? அதை எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.