மழை வலுத்தால் தூங்காத பையன்: பேச வைப்பதா, விட்டுவிடுவதா?

கேள்வி: நாங்கள் கூடலூரில் இருக்கிறோம். என் அக்கா குடும்பம் வயநாடு சூரல்மலையில் இருந்தது. 2024 ஜூலை 30 நிலச்சரிவுக்கு முந்தின நாளே மழைக்குப் பயந்து எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டதால் தப்பினார்கள். அக்கா மகன் அப்போது வெள்ளார்மலை பள்ளியில் ஒன்பதாவது. கூடப் படித்தவர்கள் சிலர் இறந்துபோனார்கள். இப்போது இங்கேயே பத்தாவது படிக்கிறான். மழை வலுத்தால் ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருக்கிறான், மறுநாள் பள்ளிக்குப் போவதில்லை. ஃபுட்பாலை விட்டுவிட்டான். ஏதாவது கேட்டால் எரிந்து விழுகிறான். "ஞாபகப்படுத்தாதே, மறந்துடுவான்" என்கிறார் என் கணவர். "எல்லாத்தையும் பேச வையுங்க" என்கிறார் டீச்சர். எது சரி? டாக்டரிடம் காட்ட வேண்டுமா?

பதில்: காட்டுங்கள். இந்த மாதமே.

பேரிடருக்குப் பின் முதல் சில வாரங்களில் தூக்கம் கெடுவதும், சின்னச் சத்தத்துக்குத் திடுக்கிடுவதும், காரணமில்லாமல் கோபம் வருவதும் சகஜம். அன்றாடம் பழையபடி ஓடத் தொடங்கியதும் பெரும்பாலான பிள்ளைகள் தாங்களாகவே தேறிவிடுவார்கள். அதனால்தான் ஒரு மாதம் ஆவதற்குள் நாங்கள் அவசரப்பட்டு நோய்ப் பெயர் வைப்பதில்லை. உங்கள் பையனுக்கோ ஒரு வருஷம் தாண்டிவிட்டது. தூக்கம், பள்ளி, விளையாட்டு மூன்றும் கையை விட்டுப் போயிருக்கின்றன. இதை வயசுக் கோளாறு என்று தள்ளிவிட முடியாது. அவன் பேசுகிறானா இல்லையா என்பதைவிட, எதையெல்லாம் நிறுத்திவிட்டான் என்பதையே நான் கவனிப்பேன்.

உங்கள் கணவர் சொல்வதும் டீச்சர் சொல்வதும் பாதிப் பாதி சரி. வீட்டில் யாரும் சூரல்மலை என்ற பெயரையே எடுக்காவிட்டால், அது பேசக் கூடாத விஷயம் என்று அவன் முடிவு கட்டிவிடுவான். அதற்காக உட்காரவைத்து "அன்னிக்கு என்ன ஆச்சு, சொல்லு" என்று தோண்டவும் கூடாது. நடந்ததை ஒரே அமர்வில் கொட்டவைக்கும் முறையால் பலன் இல்லை, சிலருக்குக் கெடுதலும் ஆகலாம் என்று தெரிந்ததால் மருத்துவர்களே அதைக் கைவிட்டுவிட்டார்கள். எப்போது, எவ்வளவு, யாரிடம் பேசுவது என்பதை அவன் முடிவுசெய்யட்டும். மழை ராத்திரியில் "பயப்படாதே, படு" என்று விரட்டாமல் விளக்கைப் போட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். கட்டன் சாயா போட்டுக் கொடுங்கள். எவ்வளவு மழை, என்ன எச்சரிக்கை, நம் வீடு இருக்கும் இடம் எப்படிப்பட்டது, அவசரம் என்றால் எங்கே போவோம் என்பதை உள்ளபடியே சொல்லுங்கள். பதின்வயதுப் பிள்ளையிடம் பொய்யான தைரியம் செல்லாது.

ஒன்றை மட்டும் சொல்லவே சொல்லாதீர்கள்: "கடவுள் உன்னைக் காப்பாத்திட்டார்." அப்படியானால் என் சினேகிதனை ஏன் காப்பாற்றவில்லை என்று அவன் மனசு உடனே கேட்கும். முந்தின நாளே கிளம்பி வந்து பிழைத்தவனுக்கு "அவனையும் கிளம்பச் சொல்லியிருக்கலாமே" என்ற உறுத்தல் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. எரிந்து விழுவதற்குப் பின்னால் பல நேரம் இதுதான் இருக்கும். அவன் அதைச் சொன்னால், "உன் தப்பு இல்லை" என்று அவசரமாக மூடிவிடாமல் முழுசாகக் கேளுங்கள். மலை சரியப்போவது அவனுக்குத் தெரிந்திருக்க வழியில்லை என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

இன்னொன்று, பழைய கூட்டாளிகள். வெள்ளார்மலை பள்ளிப் பிள்ளைகளுக்கு 2024 செப்டம்பரிலேயே பக்கத்து மேப்பாடியில் ஒன்றாகச் சேர்த்து வகுப்பு தொடங்கிவிட்டார்கள். 2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த கேரள மாநிலப் பள்ளிக் கலோற்சவத்தின் (கலைவிழாவின்) தொடக்க நிகழ்ச்சியில் அந்தப் பள்ளிப் பிள்ளைகள் ஆடினார்கள். ஒரே நஷ்டத்தைப் பட்டவர்கள் ஒன்றாக இருந்தார்கள் என்பதைத்தான் இதில் நான் பெரிதாக நினைக்கிறேன். உங்கள் பையனுக்கு அது கிடைக்கவில்லை. அவன் சம்மதித்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேப்பாடிக்குக் கூட்டிப் போங்கள், போன் பேச விடுங்கள். ஜூலை 30 நெருங்கும்போது மனசு மறுபடி கலங்கும். அன்றைக்கு என்ன செய்யலாம் என்று முன்கூட்டியே அவனிடமே கேளுங்கள்.

பள்ளியில் வகுப்பாசிரியருக்கு மட்டும் விஷயம் தெரிந்தால் போதும். பிரேயரில் நிறுத்தி "இவன் வயநாட்டிலிருந்து வந்தவன்" என்று அறிமுகப்படுத்தும் நல்லெண்ணம் வேண்டாம், சாமி. மழை நாளில் முழு லீவு போடுவதற்குப் பதில் முதலில் இரண்டு பீரியடாவது போய்வரட்டும். வகுப்பில் முடியாமல் போனால் எழுந்து வெளியே வர அவனுக்கு அனுமதி இருக்க வேண்டும்.

மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். அதற்கு முன் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குக் கூப்பிட்டால் தமிழிலேயே, எந்த நேரமும், இலவசமாகப் பேசுவார்கள். அதிர்ச்சியைக் கையாளவென்றே உள்ள பேச்சு சிகிச்சைதான் முதலில் வரும். மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரை வாங்கித் தராதீர்கள். செத்துப்போகலாம் என்ற பேச்சு, உடம்பைக் கீறிக்கொள்வது, குடி, இவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே கூட்டிப் போங்கள், தனியாக விடாதீர்கள்.

டாக்டரிடம் போகும்போது உங்கள் அக்காவையும் காட்டுங்கள். அம்மா உடைந்துவிடுவாளோ என்று பயந்தே வாயைத் திறக்காத பிள்ளைகள் நிறைய.