‘சர்க்கரைக் கவசத்தைக் கரைக்கும்’ கடல்பாசி கேப்ஸ்யூல் வாங்கலாமா?

கேள்வி: அக்காவுக்குச் சினைப்பையில் புற்றுநோய். மதுரையில் கீமோ நடக்கிறது. ‘புற்று செல்லின் மேலிருக்கும் சர்க்கரைக் கவசத்தைக் கரைத்துவிடும், நம்ம மன்னார் வளைகுடாப் பாசியில் எடுத்தது’ என்று வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரத்தை நம்பி இரண்டு டப்பா ஃபியூகாய்டன் கேப்ஸ்யூல் வரவழைத்துவிட்டோம். கொடுக்கலாமா? (மண்டபம் வாசகி)

பதில்: கொடுக்க வேண்டாம். இரண்டாவது டப்பாவைப் பிரிக்கவும் வேண்டாம்; ஏன் என்பது கடைசிக் கேள்வியில் வருகிறது.

விளம்பரத்தில் பாதி உண்மை இருக்கிறது. படித்தவர்களும் இதில் விழுவதற்கு அதுதான் காரணம். எல்லா செல்களின் மேலும் சர்க்கரைச் சங்கிலிகள் புல் முளைத்ததுபோல் நிற்கின்றன. செல்லுக்கு வெளியிலிருந்து வரும் ‘வளர்’, ‘நகர்’, ‘செத்துப்போ’ என்ற சமிக்ஞைகளை வாங்கும் ஏற்பிப் புரதங்களிலும் இந்தச் சங்கிலிகள் தொங்குகின்றன. சங்கிலியின் நுனியில் எது இருக்கிறது என்பதைப் பொறுத்து அதே ஏற்பி வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

சினைப்பைப் புற்று செல்களில் எஸ்டி6கால்-1 என்ற நொதி அடிக்கடி மிகுந்து காணப்படுகிறது. அதன் வேலை, சங்கிலியின் நுனியில் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரையை ஒட்டுவது. செல்லைச் சாகச் சொல்லும் ஃபாஸ், டிஎன்எஃப் ஏற்பி ஆகியவற்றின் மேல் அது ஒட்டிக்கொண்டால், அந்த ஏற்பிகள் செல்லுக்குள் இழுக்கப்படுவது தடைப்படுகிறது. அதனால் சாவுச் சமிக்ஞை மங்கிப்போகிறது. வளர்ச்சிக்கான இஜிஎஃப் ஏற்பியில் ஒட்டினால் விளைவு நேர்மாறு: சமிக்ஞை கூடுகிறது. கேலக்டின்-3 என்ற புரதம், செல்லின் மேலுள்ள பீட்டா-1 இன்டெக்ரின் என்ற புரதத்தைப் பிடித்து செல்லைச் சாகத் தூண்டக்கூடியது. சியாலிக் அமிலம் நுனியை மூடிவிட்டால் அதற்குப் பிடி கிடைக்காது. போதாததற்கு, நோயெதிர்ப்பு செல்களில் சிக்லெக் என்ற ஏற்பிகள் உண்டு. சியாலிக் அமிலத்தைத் தொட்டதும் ‘இது நம்ம ஆள், விட்டுவிடு’ என்று அவை அடங்கிவிடும். புற்று செல்லில் உள்ள சிடி24 என்ற புரதம் இப்படித்தான் சிக்லெக்-10 வழியாக விழுங்கு செல்களை ஏய்க்கிறது என்பது 2019-இல் வெளியானது.

ஆக, கவசம் உண்மை. கேப்ஸ்யூல் அதைக் கரைக்கும் என்பதுதான் பொய். சியாலிக் அமிலத்தை வெட்டிவிட ஃபியூகாய்டனால் முடியாது. அதற்கு சியாலிடேஸ் என்ற நொதி வேண்டும். ஃபியூகாய்டன், ஃபியூகோஸும் சல்பேட்டும் சேர்ந்த பெரிய சங்கிலி. ஆய்வகத் தட்டில் செல்களின் மேல் நேராக ஊற்றினால், செல்கள் ஒட்டிக்கொள்ள உதவும் செலக்டின், வளர்ச்சிக் காரணிகள் என்று கண்டதையெல்லாம் பிடித்துக்கொள்ளும். அதனால் தட்டில் நல்ல முடிவு தெரியும். ஆனால் வாய்வழி போனால் அதை உடைக்கும் நொதி நம் குடலில் இல்லை. ரத்தத்துக்குப் போய்ச் சேருவது மிகச் சொற்பம். தட்டில் கண்ட முடிவை டப்பாமேல் அச்சடித்து விற்கிறார்கள்.

கெடுதலும் உண்டு. ஃபியூகாய்டனுக்கு ஹெப்பரின் போல ரத்தம் உறைவதைத் தடுக்கும் குணம் இருக்கிறது. சினைப்பைப் புற்றுநோயில் கால் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டு வருவது வழக்கம் என்பதால் பலருக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் இனாக்ஸபரின் ஊசி போடுவார்கள். அக்காவுக்கு அந்த ஊசி இருந்தாலோ, அறுவை சிகிச்சை பாக்கி இருந்தாலோ, ஏற்கெனவே எத்தனை கேப்ஸ்யூல் எத்தனை நாள் கொடுத்தீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். திட்டுவாரே என்று மறைக்காதீர்கள். பழுப்புப் பாசியில் அயோடினும் மிகுதி; பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை 150 மைக்ரோகிராம்தான். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். நம்ம கட்டக்கோரை என்ற பழுப்புப் பாசியின் இனத்தைச் சேர்ந்த ஹிஜிகி என்ற ஜப்பான் பாசியில் ஆர்சனிக் மிகுதி என்பதால் அதைச் சாப்பிட வேண்டாம் என்று பிரிட்டனின் உணவுத்துறை எச்சரித்திருக்கிறது. ஒவ்வொரு பேட்ச்சுக்கும் ஆர்சனிக், காட்மியம், ஈயம், அயோடின் அளவுள்ள சோதனைச் சான்றைக் கேளுங்கள். தராதவரிடம் எந்தப் பாசிப் பொருளும் வாங்க வேண்டாம்.

லேபிளில் இன்னொன்றும் பாருங்கள். ஃபியூகாய்டன் கிடைப்பது கட்டக்கோரை, பக்கோடா போன்ற பழுப்புப் பாசிகளில். தங்கச்சிமடம், தொண்டிப் பக்கம் மூங்கில் மிதவையில் கட்டி வளர்ப்பது கப்பாஃபைகஸ் என்ற சிவப்புப் பாசி. அதிலிருந்து வருவது கராஜீனன். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசியில் வருவது அகர். இவற்றின் பெயரைப் போட்டு ஃபியூகாய்டன் என்று விற்றால் டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. ‘கடல் அட்டைச் சாறு’ என்று எழுதியிருந்தால் கிட்டவே போகாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கடல் அட்டை முதல் அட்டவணையில் இருக்கிறது.

கேள்வி: செல்லின் மேலே சர்க்கரை என்றால், சீனியை நிறுத்தினால் அது குறையுமா? சாயல்குடி கருப்பட்டிக்கு மாறிவிட்டோம். (பரமக்குடி வாசகர்)

பதில்: குறையாது. அந்தச் சங்கிலிகளைச் செல் தனக்குள்ளேயே, ரத்தத்தில் எப்போதும் ஓடும் குளுக்கோஸிலிருந்து கட்டிக்கொள்கிறது. நீங்கள் சாப்பிடாவிட்டால் கல்லீரல் குளுக்கோஸைத் தயாரித்துக் கொடுத்துவிடும். கருப்பட்டியும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், அதனால் சீனியைவிட வேறு எதையும் அது செய்துவிடாது. நீரிழிவு இருந்தால் இரண்டையும் குறையுங்கள். கீமோவில் இருப்பவருக்குச் சோற்றையும் இனிப்பையும் பிடுங்கி எடை இறங்கவிடுவது வம்பு. கிலோ கணக்கில் எடை குறைந்தால் அடுத்த டோஸைத் தள்ளிவைக்கவோ குறைக்கவோ வேண்டிவரும்.

கேள்வி: ‘பெண்கள் புற்றுநோய் பேக்கேஜ்’ என்று ஒரு லேபில் சிஏ-125 என்ற ரத்தச் சோதனை பார்க்கச் சொல்கிறார்கள். எனக்குத் தொந்தரவு ஒன்றும் இல்லை, வயது 44. பார்க்கட்டுமா? (கீழக்கரை வாசகி)

பதில்: தொந்தரவு இல்லை, குடும்பத்தில் யாருக்கும் சினைப்பை, மார்பகப் புற்றுநோய் இல்லை என்றால் அந்தக் காசை வைத்துக்கொள்ளுங்கள்.

சிஏ-125 என்பதும் இதே சர்க்கரைக் கவசத்தைச் சேர்ந்ததுதான். எம்யூசி16 என்ற, சர்க்கரைச் சங்கிலிகள் அடர்ந்த ராட்சதப் புரதத்தின் ஒரு துண்டு செல்லிலிருந்து உதிர்ந்து ரத்தத்தில் மிதக்கிறது. சோதனை அளப்பது அதை. செல்லின் மேல் இருக்கும்போது அது வயிற்றின் உள்சவ்விலுள்ள மீசோதீலின் என்ற புரதத்தைப் பற்றிக்கொள்ளும். சினைப்பைப் புற்றுநோய் வயிறு முழுக்கப் பரவுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் வயிறு, மார்புச் சவ்வுகளும் கருப்பையின் உட்சவ்வும் இதே புரதத்தை உதிர்க்கின்றன. மாதவிலக்கு, ஆரம்பக் கர்ப்பம், கருப்பை உட்சவ்வு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், நார்க்கட்டி, வயிற்றுக் காசநோய், கல்லீரல் கெட்டு நீர் கோத்தல் எல்லாவற்றிலும் மில்லி லிட்டருக்கு 35 யூனிட் என்ற எல்லையை அது தாண்டலாம். மறுபுறம், முதல் நிலைப் புற்றுநோயில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அளவு சாதாரணமாகவே இருக்கும். பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2021-இல் வந்தது: தொந்தரவு இல்லாதவர்களுக்கு இப்படிச் சோதித்ததால் இந்நோயில் சாவு குறையவில்லை.

வயிறு உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டதுமே நிறைந்துவிடுதல், அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர்: இவற்றில் ஏதேனும் புதிதாக வந்து மாதத்தில் 12 நாளுக்கு மேல் இருந்தால் கதையே வேறு. அப்போது சிஏ-125 மட்டும் போதாது. பிறப்புறுப்பு வழி ஸ்கேனும் வேண்டும். தாய்க்கோ உடன்பிறந்தவளுக்கோ சினைப்பை அல்லது மார்பகப் புற்றுநோய் இருந்தால் பேக்கேஜ் வாங்காமல், இந்நோய்கள் பரம்பரையாக வரும் வாய்ப்பைப் பார்க்கும் பிஆர்சிஏ மரபணுச் சோதனை பற்றிப் புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள்.

சிகிச்சையில் இருப்பவர்களுக்கு இந்தச் சோதனை நல்ல வழிகாட்டி. ஒவ்வொரு முறையும் ஒரே லேபில் எடுங்கள். கருவி மாறினால் எண்ணும் மாறும், ஏறியதா இறங்கியதா என்று சொல்ல முடியாமல் போகும். முடி வளர என்று 5, 10 மில்லிகிராம் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுக்குமுன் அதைச் சொல்லிவிட வேண்டும். பயோட்டினைப் பயன்படுத்தி இயங்கும் கருவிகளில் அது குறுக்கிட்டு, சிஏ-125-ஐப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். எத்தனை நாள் நிறுத்துவது என்று லேபிலேயே கேளுங்கள்.

கேள்வி: அந்த கேப்ஸ்யூல் பணம் திரும்பக் கிடைக்குமா? டப்பாவில் எஃப்எஸ்எஸ்ஏஐ எண் இருக்கிறதே? (அதே மண்டபம் வாசகி)

பதில்: எஃப்எஸ்எஸ்ஏஐ என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையம்; அந்த 14 இலக்க எண் உணவு விற்க உரிமம் இருக்கிறது என்பதற்கு மட்டுமே. நோய் தீரும் என்பதற்கு அது சாட்சி ஆகாது. துணை உணவு டப்பாவில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற வாசகம் இருந்தாக வேண்டும். உங்கள் டப்பாவிலும் பொடி எழுத்தில் இருக்கும், தேடிப் பாருங்கள். அதை டப்பாவில் போட்டுவிட்டு விளம்பரத்தில் புற்றுநோய் தீரும் என்றால் 1954-ஆம் ஆண்டு மாய மருந்து விளம்பரச் சட்டத்தில் மாட்டுவார்கள். அதன் அட்டவணையில் புற்றுநோய் பெயரோடு இருக்கிறது.

விளம்பரத்தைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள். பில், யுபிஐ ரசீது, பார்சல் உறை, பேட்ச் எண் தெரியும் படம், பிரிக்காத இரண்டாவது டப்பா ஆகியவற்றை ஒரே பையில் வையுங்கள். விற்றவருக்கு எழுத்தில் பணம் கேட்டுப் பதினைந்து நாள் கொடுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யுங்கள். அங்கே தீராவிட்டால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவர் டெல்லியில் இருந்தாலும். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, கெடு 2 ஆண்டு. விளம்பரம் பற்றிய புகாரைத் தனியாக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும், டப்பாவைப் பற்றியதை மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கும் அனுப்புங்கள்.